அடுத்த காதல் நாவலாசிரியரைத் தேடும்போது எங்கே சறுக்குகிறது

பலவகை அடையாளங்கள் கொண்ட பாத்திரங்களும் உணர்வுச் செறிவும் உள்ள காதல் நாவல்களை எழுதும் ஒருவரைத் தேடும்போது, தேடல் பெட்டியில் ‘டைவர்ஸ் ரொமான்ஸ்’ (diverse romance, பன்முகப் பாத்திரங்களின் காதல் கதை) என்று தட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அந்தச் சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் போடலாம். கறுப்பின நாயகி, சக்கர நாற்காலியில் வாழும் நாயகன், இரு பெண்களின் காதல் எல்லாம் அங்கே வரும். நாயகியின் தோழன் தன்பால் ஈர்ப்பாளன் என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு நகரும் நாவலும் அதே பட்டியலில் இருக்கும்.

தேடும்போது மூன்றைச் சேர்த்துத் தேடுங்கள்: மையப் பாத்திரம் யார், கதை நடக்கும் காலமும் இடமும் எவை, எந்தத் தொனியில் எழுதப்பட்டது. ‘நாள்பட்ட வலியோடு வாழும் நாயகி, சமகாலம், நகைச்சுவை’ என்று தேடினால் டாலியா ஹிபர்ட் 2019இல் எழுதிய ‘கெட் எ லைஃப், க்ளோயி பிரவுன்’ கண்ணில் படும். ‘காதலர் இருவருமே ஆட்டிசம் உள்ளவர்கள்’ என்று தேடினால் அதே வரிசையில் 2021இல் வந்த மூன்றாவது நாவல் கிடைக்கும். பின்னட்டைக் குறிப்பையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். ரொமான்ஸ் நாவலின் பின்னட்டையில் பெரும்பாலும் முதலில் வரும் இரண்டு பெயர்கள்தான் காதலர்கள். நீங்கள் தேடும் அடையாளம் அந்த இருவரிடம் இல்லாமல் சுற்றியிருக்கும் நண்பர் கூட்டத்தில் மட்டும் இருந்தால், அது நல்ல நாவலாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் தேடியது அதுவல்ல.

இதைவிடப் பெரிய தவறு, துயரத்தை உணர்வுச் செறிவு என்று எடுத்துக்கொள்வது. ‘கைக்குட்டை இல்லாமல் படிக்க முடியாது’ என்ற விளம்பர வரியை நம்பி வாங்கினால், மரணம், விபத்து, நோய் என்று அடுக்கிக்கொண்டே போகும் நாவலில் மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. அழவைப்பது எளிது. இரண்டு பேர் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறார்கள் என்று காட்டுவதுதான் கடினம்.

அதை அளந்து பார்க்க மூன்று இடங்கள் உண்டு. சந்திப்பதற்கு முன்பே இருவருக்கும் காதலுக்கு வெளியே ஒரு விருப்பமும் ஒரு பயமும் இருக்கின்றனவா? கதையின் முக்கால் பங்கில் வழக்கமாக வரும் பிரிவு, அந்தப் பயத்திலிருந்து பிறக்கிறதா, அல்லது ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் தப்பெண்ணமா? கடைசியில் வரும் மன்னிப்பு, செய்த தவறை இன்னதென்று பெயர் சொல்லிக் கேட்கிறதா, இல்லை மழையில் ஓடிவந்து கட்டிப்பிடிப்பதோடு முடிகிறதா? ஒரு வரிக் குறிப்பில் இவை தெரியாது. கதைச் சிக்கலை விவரமாகப் பேசும் விமர்சனங்களில் தெரியும்.

கென்னடி ரயனின் ‘பிஃபோர் ஐ லெட் கோ’ (2022) இதற்கு நல்ல அளவுகோல். மணமுறிவு பெற்றும் பிள்ளைகளையும் உணவகத்தையும் சேர்ந்தே பார்த்துக்கொள்ளும் ஒரு கறுப்பினத் தம்பதியின் கதை அது. பெரிய இழப்பும் மனச்சோர்வும் கதைக்கு முன்பே நடந்து முடிந்தவை. நாவலின் கனம் அவற்றைத் தாண்டி மறுபடி பேசக் கற்றுக்கொள்ளும் பக்கங்களில் இருக்கிறது. மறுபுறம், ஹிபர்ட்டின் நாவல்கள் சிரிக்கவைத்துக்கொண்டே ஆழம் போகின்றன. ‘லைட்டான கதை’ என்று யாராவது சொன்னதற்காக ஒதுக்கிவிடுவது நஷ்டம்.

இதன் தொடர்ச்சியாக இன்னொன்றும் உண்டு. பாத்திரத்தின் இனம், உடல்நிலை, பாலினம் ஆகியவைதான் கதையின் ஒரே வலி என்றால் கவனம் தேவை. அப்படிப்பட்ட நாவல் பெரும்பாலும் அந்த அனுபவத்துக்கு வெளியே உள்ள வாசகருக்குப் பாடம் நடத்துகிறது. முன்பு சொன்ன ஹிபர்ட் நாவலின் நாயகி க்ளோயியின் வலி அவளுடைய நாளைத் திட்டமிடும் விதத்தை, மருந்தை, களைப்பைத் தீர்மானிக்கிறது. காதலுக்குக் குறுக்கே நிற்பதோ நம்பிக்கைச் சிக்கல்: நோய் வந்ததும் நெருங்கியவர்கள் விலகிப்போன அனுபவம் அவளுக்கு, பழைய உறவில் பட்ட காயம் அவளுடைய காதலனுக்கு. இந்த இரண்டு அடுக்கும் இருக்கும் எழுத்தாளரைத் தேடுங்கள்.

முடிவைப் பார்க்காமல் வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. ரொமான்ஸ் என்ற வகைக்கு ஒரு வாக்குறுதி உண்டு: காதலே மையம், முடிவு நிறைவும் நம்பிக்கையும் தருவது. காதலர்களில் ஒருவர் இறந்துபோகும் கதை உருக்கமான காதல் கதையாக இருக்கலாம், ஆனால் அது ரொமான்ஸ் அல்ல. கடைகள் இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கின்றன. குயர் (தன்பால் ஈர்ப்பு, திருநர் போன்ற அடையாளங்கள் கொண்ட) பாத்திரங்களின் கதைகளில் சோக முடிவுக்கு நீண்ட வரலாறு இருப்பதால் அங்கே இதைக் கூடுதலாகச் சரிபார்க்க வேண்டும். விமர்சனங்களில் ‘எச்இஏ’ (HEA) என்றால் நிலைத்த மகிழ்ச்சியோடு முடிவது, ‘எச்எஃப்என்’ (HFN) என்றால் இப்போதைக்கு மகிழ்ச்சியோடு முடிவது.

அட்டையை நம்பாதீர்கள். பளிச்சென்ற வண்ணத்தில் கார்ட்டூன் ஓவியம் இருந்தால் உள்ளே எல்லாம் மென்மையாக இருக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. படுக்கையறைக் கதவு மூடியே இருக்கும் நாவலுக்கும் முழுக்கத் திறந்திருக்கும் நாவலுக்கும் இன்று ஒரே பாணியில்தான் அட்டை போடுகிறார்கள். வன்முறை விஷயத்திலும் அப்படியே. ரயனின் ‘லாங் ஷாட்’ பாராட்டுப் பெற்ற நாவல். அதில் குடும்ப வன்முறை நேரடியாக வருகிறது. ‘பிஃபோர் ஐ லெட் கோ’ படித்த சூட்டில் அதை எடுத்தால் சிலருக்குத் தாங்காது. படித்த நூல்களைப் பதிந்து மதிப்பிடும் ஸ்டோரிகிராஃப் தளத்தில் வாசகர்களே உள்ளடக்க எச்சரிக்கைகளைக் கடுமை, நடுத்தரம், லேசு என்று மூன்று நிலைகளில் பதிகிறார்கள். வாங்குமுன் பார்த்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும். எழுத்தாளர்கள் பலரின் இணையதளத்திலும் நாவலின் முதல் பக்கங்களிலும் அவர்களே எழுதிய எச்சரிக்கையும் இருக்கும்.

எழுத்தாளரின் சொந்த அடையாளத்தைத் துருவுவது தனிச் சிக்கல். ‘ஓன்வாய்ஸஸ்’ (#OwnVoices, சொந்தக் குரல்கள்) என்ற ஹேஷ்டேக் 2015இல், பாத்திரத்தின் ஒதுக்கப்பட்ட அடையாளத்தை எழுத்தாளரும் பகிர்கிறாரா என்று காட்டப் பிறந்தது. நாளடைவில் அது விற்பனை முத்திரையாகி, எழுத்தாளர்கள் தங்கள் பாலீர்ப்பையோ நோயையோ பொதுவில் நிரூபிக்க வேண்டிய நெருக்கடியாக மாறியது. நூல்களில் பன்முகத்தன்மைக்காக இயங்கும் ‘வீ நீட் டைவர்ஸ் புக்ஸ்’ (We Need Diverse Books) அமைப்பு 2021இல் அந்தச் சொல்லைக் கைவிட்டது. எழுத்தாளர் தாமாகவே சொன்னால் எடுத்துக்கொள்ளலாம். காதல் நாவலாசிரியர் ஹெலன் ஹோவாங் தமக்கு ஆட்டிசம் இருப்பதை வெளிப்படையாகப் பேசுபவர். சொல்லாதவரைத் தோண்ட வேண்டாம். நன்றியுரையில் யாரிடம் கேட்டு எழுதினார் என்ற விவரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நட்சத்திரச் சராசரியால் பெரிய பயனில்லை. ஐந்து நட்சத்திர விமர்சனத்தில் உற்சாகமும் ஒற்றை நட்சத்திரத்தில் கோபமும்தான் மிஞ்சும். இரண்டு, மூன்று நட்சத்திர விமர்சனங்களில்தான் காரணம் இருக்கிறது. ‘பேசிக்கொண்டே இருக்கிறார்கள், ஒன்றுமே நடக்கவில்லை’ என்பது அவருக்குக் குறை. உங்களுக்கு அதுவே வேண்டியதாக இருக்கலாம்.

சரித்திர ரொமான்ஸில் ‘அந்தக் காலத்தில் இவர்களெல்லாம் எங்கே இருந்தார்கள்?’ என்று கேட்டு அந்தப் பக்கமே போகாதவர்கள் இழப்பது அதிகம். பெவர்லி ஜென்கின்ஸ் 1994 முதலே 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கறுப்பின மக்களின் காதலை வரலாற்று ஆதாரங்களோடு எழுதிவருகிறார். அலெக்சிஸ் ஹாலின் ‘எ லேடி ஃபார் எ டியூக்’ (2022) நாயகி, வாட்டர்லூ போரில் இறந்துவிட்டதாக உலகம் நம்பும் ஒரு திருநங்கை. உணர்வுச் செறிவுக்காகவே இதைப் படிக்கலாம்.

ஒரே நாவலை வைத்து எழுத்தாளரைத் தீர்மானிப்பதும் தவறுதான். ஹோவாங்கின் முதல் நாவலில் (2018) இருக்கும் துள்ளல் மூன்றாவதில் (2021) இல்லை. அதில் நோயுற்ற தந்தையைக் கவனித்துக்கொள்ளும் களைப்பும் மனமுறிவும் கனமாக வருகின்றன. அலிசா கோல் ரொமான்ஸோடு நிற்காமல் 2020இல் த்ரில்லருக்கும் போனார். பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் வேறு வகை கையில் வரும். தொடர் நாவல்களில் ஒவ்வொன்றும் புதிய ஜோடியைப் பற்றியது என்றால் நடுவிலிருந்து தொடங்கலாம். ஒரே ஜோடி தொடர்ந்தால் கூடாது.

விருதுப் பட்டியலை மட்டும் நம்பினால் நல்லவர்கள் பலர் விடுபட்டுப்போவார்கள். அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கத்தின் ரீட்டா விருது, 2019இல் ரயனும் எம். மலோனும் பெறும்வரை ஒரு கறுப்பின எழுத்தாளருக்குக்கூடக் கிடைத்ததில்லை. மறு ஆண்டே அந்த விருது நிறுத்தப்பட்டது. கடைத்தளத்தின் ‘இதை வாங்கியோர் வாங்கிய மற்றவை’ வரிசையோ ஏற்கெனவே விற்பதையே திரும்பக் காட்டும். இதைவிட நல்ல வழி, பிடித்த எழுத்தாளரின் நன்றியுரையில் வரும் சக எழுத்தாளர் பெயர்களைக் குறித்துக்கொள்வது. அவர் பங்களித்த குறுநாவல் தொகுப்பு இருந்தால் இன்னும் நல்லது. ஒரே விலையில் மூன்று நான்கு புதிய குரல்களைச் சோதித்துவிடலாம்.

பெயர் கிடைத்ததும் இலவச மாதிரிப் பக்கங்களை இறக்குங்கள். மின்னூல் கடைகளில் நாவலின் தொடக்கத்தில் பத்து சதவீதம் அளவுக்குக் கிடைக்கும். அதில் காதலர் இருவரும் பெரும்பாலும் ஒருமுறையாவது சந்தித்துப் பேசியிருப்பார்கள். அந்த உரையாடலில் பேசுவது யார் என்று பெயரைப் பார்க்காமலே உங்களால் கண்டுபிடிக்க முடிந்தால் வாங்குங்கள். இரண்டு பேரும் ஒரே குரலில் பேசினால் அடுத்த பெயருக்குப் போய்விடலாம்.