பழைய மாருதி ஜென்ல டிராக் ரேஸ் (drag race) ஓட்டப்போறீங்களா, முதல்ல டயரைப் பாருங்க

நம்ம பசங்க பழைய ஜென் ஒண்ணு கைக்கு வந்ததும் நேரா சென்னை புதுப்பேட்டை பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்குப் போய் மாருதி எஸ்டீமோட 1298 சிசி இன்ஜின் தேடுறாங்க, தப்பில்ல, ஜென்ல இருக்கறது 993 சிசி தானே, ஆனா அதுக்கு முன்னாடி இருக்கற இன்ஜின்லயே கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டர்லயும் அழுத்தம் எவ்வளவுன்னு பாக்கறது) ஒண்ணு பண்ணிருங்க, ஒரு சிலிண்டர் மட்டும் கம்மியா காட்டுச்சுன்னா மத்த செலவு எல்லாம் வேஸ்ட். டைமிங் பெல்ட் எப்ப மாத்துனதுன்னு தெரியலன்னா யோசிக்காம மாத்திடுங்க.

இப்ப முக்கியமான விஷயம். இது முன்சக்கரம் இழுக்கற வண்டி, கிளட்சை விட்டதும் வெயிட் பின்னாடி போயிடும், முன் டயர் சும்மா சுத்தும், டிராக் ரேஸ்ல நேரா ஓட்டற அந்த 402 மீட்டர்ல (கால் மைல்) பாதி டைம் அங்கயே போகுது. அதனால முன் டயர்ல நல்ல சாஃப்ட் ரப்பர் போட்டு காத்தை ரெண்டு ரெண்டு பிஎஸ்ஐயா குறைச்சு ஒவ்வொரு ரன்னுக்கும் டைம் எழுதி வைங்க, பின் டயர்ல காத்து நல்லா இருக்கட்டும். பின் ஸ்பிரிங் கொஞ்சம் டைட்டா இருந்தா வண்டி பின்னாடி உக்காராது. பின் சீட், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாத்தையும் இறக்கிடுங்க. இன்ஜின் மவுண்ட் ரப்பர் வெடிச்சிருந்தா கண்டிப்பா புதுசு, இல்லன்னா லான்ச்ல, அதாவது நின்ன இடத்துலேருந்து கிளப்பும்போது, வண்டி குதிக்கும், ஆக்சில் உடையும்.

சீட் பெல்ட், பிரேக்ல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க ப்ளீஸ். ஈசிஆர் மாதிரி பொது ரோட்ல ட்ரை பண்றது வேண்டவே வேண்டாம், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல (track) ஈவென்ட் வரும்போது போய் ஓட்டுங்க.