பின்பக்க ஸ்பீக்கர்கள் மௌனமாக இருந்த கதை
ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் கருவியான ரிசீவர் என்னிடம் இரண்டு இருந்தன. பழைய 5.1 ரிசீவரையும் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபருக்கானது) புதிதாக வாங்கிய 7.2 ரிசீவரையும் (ஏழு ஸ்பீக்கர், இரண்டு சப்வூஃபருக்கானது) அதே ஸ்பீக்கர்களில் மாற்றி மாற்றி இணைத்துப் பார்த்தபோது, இரண்டிலும் முன்பக்க ஸ்பீக்கர்கள் மட்டுமே ஒலித்தன. பின்பக்க ஸ்பீக்கரின் வலைத்துணியில் காதை ஒட்டி வைத்தும் எதுவும் கேட்கவில்லை. புதியதைத் திருப்பிக் கொடுத்துவிடவே நினைத்தேன். உண்மையில், டிவியின் ஒலி அமைப்பு பிசிஎம் (டிவியே ஒலியை விரித்து அனுப்பும் முறை) என்றிருந்ததால், ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளில் ரிசீவருக்கு அனுப்பும் வசதி) வழியாக இரண்டு சேனல் ஒலி மட்டுமே சென்றுகொண்டிருந்தது. அதைப் பாஸ்த்ரூ (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்பும் முறை) என்று மாற்றியதும் பழைய ரிசீவரிலேயே டால்பி டிஜிட்டல் 5.1 என்ற பல சேனல் ஒலி வந்துவிட்டது (விற்பனையாளர் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்). ஆனால் டிவியில் இணைத்திருந்த ப்ளூரே பிளேயரின் ட்ரூஎச்டி (தரம் குறையாத டால்பி வடிவம்) ஒலியை ஏஆர்சி தாங்காது; ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வசதியுள்ள புதிய ரிசீவரில், டிவியிலும் அதனை இயக்கிய பின்னரே, ரிசீவரின் முகப்புத் திரையில் ட்ரூஎச்டி என்ற பெயர் தெரிந்தது. பழையது இப்போது படுக்கையறையில் இருக்கிறது.