உங்க ஊர் எவ்ளோ சூடாயிருக்குன்னு நீங்களே கணக்கு போடுங்க

சித்திரை பொறந்தா போதும், அப்பா மேட்டுப்பாளையத்துல உக்காந்துகிட்டு "எங்க காலத்துல இந்த வெயில் இல்லப்பா"ன்னு ஃபோன்ல ஆரம்பிப்பாரு, ஊட்டில இருக்கற சித்தப்பா "உங்களுக்கு வயசாயிடுச்சுண்ணா, அதான்"ம்பாரு. இதுக்கு ஒரு முடிவு கட்டலாம்னுதான் நான் இந்த வெப்பநிலை டேட்டா பக்கமே போனேன். கோடிங் எல்லாம் வேண்டாம், கூகுள் ஷீட்ஸ்ல ஆவரேஜ் போடத் தெரிஞ்சா போதும்.

டேட்டா தர்றது இங்கிலாந்துல நார்விச்ல இருக்கற ஈஸ்ட் ஆங்கிலியா யுனிவர்சிட்டியோட க்ளைமேட்டிக் ரிசர்ச் யூனிட், சுருக்கமா சிஆர்யு. பிரிட்டிஷ் வானிலை ஆபீஸ்ல இருந்த ஹியூபர்ட் லாம்ப் 1972ல ஆரம்பிச்சது. உலகம் பூரா ஸ்டேஷன்கள்ல எடுத்த ரீடிங்க ஒண்ணா சேர்த்து தப்பு தவறு பார்த்து கட்டம் கட்டமா பிரிச்சு குடுக்கறதுதான் இவங்களோட பெரிய வேலை. 2009ல இவங்க மெயிலை ஹேக் பண்ணி வெளிய விட்டது ஞாபகம் இருக்கலாம், அதுக்கப்புறம் பார்லிமென்ட் கமிட்டி உட்பட வரிசையா விசாரணை நடந்துச்சு, டேட்டாவை ஜோடிச்சாங்கன்னு எதுலயும் வரல, கேட்டவங்களுக்கு டேட்டா குடுக்காம இழுத்தடிச்சதுக்குதான் திட்டு விழுந்துச்சு.

இப்ப வேலைக்கு வருவோம். மொத்த உலகத்துக்கும் பாக்கணும்னா ஹேட்க்ரட் 5னு ஒரு டேட்டா இருக்கு, அது இவங்களும் பிரிட்டிஷ் வானிலை ஆபீஸோட ஹேட்லி சென்டரும் சேர்ந்து போடறது, 1850ல இருந்து இருக்கு, ஆனா ஒரு கட்டம் அட்சரேகை தீர்க்கரேகைல 5 டிகிரி, தமிழ்நாட்டுல பாதிய முழுங்கிடும். நம்ம ஊருக்கு வேண்டியது இவங்களோட இன்னொரு டேட்டா, சிஆர்யு டிஎஸ். 1901ல இருந்து மாசாமாசம், அரை டிகிரி கட்டம், அதாவது ஒரு பக்கம் சுமாரா 55 கிலோமீட்டர்.

அவங்க சைட்ல கூகுள் எர்த்துக்குன்னு ஒரு ஃபைல் இருக்கும், கம்ப்யூட்டர்ல கூகுள் எர்த் போட்டு அதைத் திறந்து உங்க ஊர் மேல இருக்கற கட்டத்தை க்ளிக் பண்ணுங்க, நம்பர் கிடைக்கும். அது சரிப்படலைன்னா நெட்சிடிஎஃப்ங்கற ஃபார்மேட்ல இருக்கற முழு ஃபைலை இறக்கி நாசா ஃப்ரீயா தர்ற பனாப்ளிங்கற சாஃப்ட்வேர்ல திறக்கலாம், ஆனா ஃபைல் பெருசு, என் பழைய லேப்டாப் மூச்சு வாங்கிடுச்சு. எடுக்க வேண்டியது டிஎம்பி, அதாவது சராசரி வெப்பம். டிஎம்எக்ஸ்னு பகல் உச்சமும் இருக்கு, ஆனா அது சராசரியையும் பகல் ராத்திரி வித்தியாசத்தையும் வெச்சு கணக்கு பண்றது, அதனால நான் டிஎம்பியோட நிறுத்திகிட்டேன்.

இங்கதான் நான் மாட்டுனேன். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. ரெண்டும் ஒரே கட்டத்துக்குள்ள! அட்சரேகை 11ல இருந்து 11.5 வரை, தீர்க்கரேகை 76.5ல இருந்து 77 வரை. ஒருத்தர் ஸ்வெட்டர் போட்டிருப்பாரு இன்னொருத்தர் பனியனோட விசிறிகிட்டு இருப்பாரு, ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர். அந்த நம்பர் ஊட்டியும் இல்ல மேட்டுப்பாளையமும் இல்ல. அதனால "எத்தனை டிகிரி"ன்னு பாக்கவே பாக்காதீங்க, "வழக்கத்தை விட எவ்ளோ கூட"ன்னு பாருங்க. மலையும் அடிவாரமும் எத்தனை டிகிரில இருந்தாலும், ஒரு வருஷம் சூடா போச்சுன்னா பெரும்பாலும் ரெண்டும் சேர்ந்துதான் ஏறும். இதைத்தான் அனாமலிங்கறாங்க.

கணக்கு இப்படி. ஷீட்ல முதல் வரிசை தலைப்பு, ரெண்டாவதுல 1901, அப்படியே கீழ கீழ. சித்திரை சண்டைக்குன்னா ஏப்ரல் மே ரெண்டை மட்டும் ஆவரேஜ் எடுங்க, இல்ல பன்னண்டு மாசமும். வழக்கம்னு சிஆர்யுல எடுத்துக்கறது 1961ல இருந்து 1990 வரை, அது 62ல இருந்து 91 வரைக்கும் உள்ள வரிசை, அதோட ஆவரேஜை ஒரு செல்லுல போட்டு ஒவ்வொரு வருஷத்துல இருந்தும் கழிங்க. கழிக்கறப்ப அந்த செல்லுக்கு டாலர் குறி போட்டு லாக் பண்ணுங்க, நான் மறந்துட்டு இழுத்து விட்டேன், வழக்கம் இருந்த செல்லு வரிசைக்கு வரிசை நழுவி கழிக்கவே இல்ல, நீலகிரி இருபது டிகிரிக்கு மேல ஏறுன மாதிரி வந்து ஒரு நிமிஷம் பகீர்னு ஆயிடுச்சு.

இன்னொரு பொறி. பக்கத்துல ஸ்டேஷனே இல்லாத காலத்துக்கு இவங்க அந்த 1961-90 சராசரியையே நிரப்பிடுவாங்க. வெப்பத்துக்கு 1,200 கிலோமீட்டர் வரைக்கும் ஸ்டேஷன் தேடுவாங்க, மழைக்கு 450தான். கழிச்சதுக்கு அப்புறம் வரிசையா பூஜ்யம் பூஜ்யமா வந்தா ஊர் அமைதியா இருந்துச்சுன்னு நினைச்சுக்காதீங்க, அங்க டேட்டாவே இல்ல. எத்தனை ஸ்டேஷன் சேர்ந்துச்சுன்னு ஃபைல்லயே எண்ணிக்கை இருக்கும், அதைப் பாத்துக்கோங்க. கட்டுரை எழுதி "இவ்ளோ ஏறிச்சு"ன்னு அடிச்சு சொல்லணும்னா சிஆர்யு டிஎஸ் பத்தாது, ஸ்டேஷன் இடம் மாறுனது மாதிரி விஷயங்களை சரி பண்ணின க்ரூடெம் (இவங்களோட நிலப்பகுதி வெப்ப டேட்டா) இல்லன்னா ஹேட்க்ரட் பக்கம் போங்க. வீட்டுச் சண்டைக்கு இது தாராளம்.

கடைசியா பட்டை. இங்கிலாந்துல ரீடிங்ங்கற ஊர் யுனிவர்சிட்டில இருக்கற காலநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் 2018ல வருஷத்துக்கு ஒண்ணா போட்டாரே நீலம் சிவப்பு கோடுங்க, அதேதான். நம்பரை குறுக்கால ஒரே வரிசையா ஒட்டி, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்ல கலர் ஸ்கேல் குடுங்க, கம்மிக்கு நீலம், பூஜ்யத்துக்கு வெள்ளை, ஜாஸ்திக்கு சிவப்பு. நெடுவரிசைகளை ஒடுக்கி, அந்த ஒரு வரிசைய உயர்த்துங்க, எழுத்தையும் மறைச்சுட்டா பட்டை வந்துடும். நான் பிரிண்ட் எடுத்து ரெண்டு வீட்டுக்கும் அனுப்பினேன், ஒரே பட்டைதான், அதுக்கும் சித்தப்பா "இது உங்க ஊரு சூடுண்ணா, எங்களது இல்ல"ன்னாரு.

ஆங், பட்டைக்கு கீழ எந்த வெர்ஷன்னு எழுதி வைங்க. புதுசு வர்றப்ப பழைய வருஷ நம்பரும் கொஞ்சம் மாறும், அப்புறம் ரெண்டு பிரிண்ட்டை பக்கத்துல வெச்சுகிட்டு முழிக்க வேண்டி வரும்.