பெங்களூரில் சிகரெட்டை விடுவது எப்படி: டீக்கடையிலிருந்து தொடங்குங்கள்

ஊரில் இருந்தவரை ஒளிந்து ஒளிந்து பிடித்தேன். பெங்களூரு வந்த பிறகு ஒளிய வேண்டிய தேவையே இல்லை. ஆபீஸ் வாசலிலேயே கான்டிமென்ட்ஸ் கடை, அதாவது டீயும் சிகரெட்டும் விற்கும் சின்னப் பெட்டிக்கடை. பதினோரு மணிக்கு ஒரு டீ, ஒரு தம்; நாலு மணிக்கு மறுபடியும். நாளுக்கு இரண்டாக இருந்தது பன்னிரண்டானது. மூன்று முறை விட்டேன், மூன்று முறையும் திரும்பத் தொடங்கினேன். நான்காவது முறை விட்டது இன்றுவரை நிற்கிறது. முதல் தடவையாக விட நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள்

இந்த வாரம் எதையும் குறைக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நேரம், இடம், கூட யார் என்று போனில் ஒரு வரி குறித்து வையுங்கள். என் கணக்கில் பன்னிரண்டில் ஏழு, டீ டம்ளரோடு சேர்ந்தே வந்தன. அதைப் பார்த்த பிறகுதான் எங்கே கை வைக்க வேண்டும் என்று புரிந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். தூங்கி எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேவைப்படுகிறதா? அப்படியென்றால் உடம்பு நிகோடினுக்கு நன்றாகப் பழகிவிட்டது. நீங்கள் படி 4-ஐத் தாண்டிப் போகாதீர்கள்.

படி 2: நாள் குறியுங்கள்

இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள். ஊருக்குப் போகிற வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். மடிவாளாவில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம், நடுராத்திரி ஹைவேயில் டீக்கு நிறுத்தும் பத்து நிமிடம், இந்த இரண்டு இடத்திலும்தான் முதல் இரண்டு முறை தோற்றேன். திங்கட்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய இரவே லைட்டர், மீந்த பாக்கெட் எல்லாம் குப்பைக்குப் போகட்டும். ஸ்வெட்டரைத் துவைத்துவிடுங்கள், அதிலிருக்கும் வாடையே ஆசையைக் கிளப்பும்.

படி 3: டீ வேறு, தம் வேறு

பலர் சறுக்குவது இங்கேதான். தம்மை விடுகிறேன் என்று டீ பிரேக்கையே விட்டுவிடுவார்கள். மூன்றாம் நாள் தனியாக சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது இழந்தது சிகரெட் மட்டுமில்லை, பேச்சுத் துணையும்தான் என்று தோன்றும். அந்த ஏக்கமே கடைக்கு இழுத்துப் போகும். பிரேக்கை விடாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். முதல் ஒரு மாதம் கான்டிமென்ட்ஸ் கடைக்குப் பதில் தர்ஷினிக்கு, அதாவது நின்றபடியே சாப்பிடும் சின்ன ஓட்டலுக்குப் போங்கள். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை இருப்பதால், உள்ளே நின்று குடிக்கும் வரை கைக்கு வேலை டம்ளர் மட்டும்தான். கூட வரும் நண்பரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்: "மச்சான், விட்டுட்டேன். நான் கேட்டாலும் தராத."

அங்கே போய் 'பை டூ' காபி சொல்லுங்கள், ஒரு காபியை இரண்டு பேருக்குப் பாதிப் பாதியாகத் தருவார்கள். சிக்கனத்துக்காக அல்ல. சிகரெட் புகை, உடம்பு கஃபீனைக் கரைக்கும் வேகத்தைக் கூட்டுகிறது. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, அதே காபி ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை வந்ததும் "விட்டதால்தான் இப்படி" என்று பயந்து மறுபடி பற்ற வைப்பவர்கள் உண்டு. காபியைப் பாதியாக்கினாலே அதில் கொஞ்சம் அடங்கும்.

படி 4: நிகோடின் கம்

சிகரெட் இல்லாமலே கொஞ்சம் நிகோடின் கொடுத்து ஆசையை அடக்கும் கம் இது. மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் கம் டாக்டர் சீட்டில்லாமல் கிடைக்கும். எழுந்தவுடன் பிடிப்பவர்களுக்குப் பொதுவாக 4 மில்லிகிராம்; அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். இதய நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

சூயிங்கம் மாதிரி விடாமல் மெல்லக் கூடாது. நான் அப்படி மென்று விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து, "இது நமக்கு ஒத்துக்காது" என்று தூக்கிப் போட்டேன். மெதுவாக மெல்லுங்கள், காரமாகச் சுள்ளென்று வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்குங்கள். சுள்ளென்பது போனதும் மறுபடி மெல்லுங்கள். ஒரு கம் அரை மணி நேரம். அதற்குப் பதினைந்து நிமிடம் முன்பிருந்து டீ, காபி, ஜூஸ் வேண்டாம். குடித்தால் நிகோடின் சரியாக உள்ளே இறங்காது.

படி 5: முதல் மூன்று நாள்

பொதுவாக இவைதான் மிகக் கடினம். எரிச்சல், பசி, தலைவலி எல்லாம் வரும், சில வாரங்களில் அடங்கும். ஒவ்வொரு ஆசையும் சில நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும். எழுந்து ஒரு மாடி ஏறி இறங்குங்கள், தண்ணீர் குடியுங்கள். திங்கள் காலை விட்டால் அன்று இரவுக்குள்ளேயே ரத்தத்தில் இருந்த கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்கு இறங்கத் தொடங்கியிருக்கும். ஒரு வருடத்தில் மாரடைப்பு அபாயத்தில் புகையால் கூடிய பங்கு ஏறக்குறைய பாதியாகிறது.

படி 6: ஒன்று பிடித்துவிட்டால்

மூன்றாவது முறை, நாற்பதாம் நாள், நண்பரிடம் ஒன்று வாங்கிப் பிடித்தேன். "எல்லாம் போச்சு" என்று அன்று சாயங்காலமே ஒரு பாக்கெட் வாங்கினேன். அந்த ஒன்றைவிட அந்தப் பாக்கெட்தான் என்னைக் கவிழ்த்தது. உங்களுக்கு அப்படி நேர்ந்தால் பாக்கெட் வாங்காமல் வீட்டுக்குப் போங்கள். நாற்பது நாள் எங்கும் போய்விடவில்லை. எங்கே, யாரோடு என்று படி 1-இல் குறித்த மாதிரியே குறியுங்கள்.

பிறகு 1800-11-2356-க்குக் கூப்பிடுங்கள். புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் இது. தமிழிலும் ஆலோசனை உண்டு. நேரில் பேச வேண்டுமென்றால் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்ற அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. என்ன பேசுவதென்று முன்கூட்டி யோசிக்க வேண்டாம். "விடணும், முடியல" என்று சொன்னால் போதும், மீதியை அவர்கள் கேட்பார்கள்.