திரையில் ஓடும் எழுத்துக்கு இசை சேர்ப்பது எப்படி

அச்சுப் புத்தகத்தில் வேகம் வாசகர் கையில் இருக்கிறது. பிடித்த வரியில் நின்றுகொள்ளலாம், புரியாவிட்டால் மேலே போய்த் திரும்பப் படிக்கலாம். எழுத்து தானாக வந்து தானாக மறையும் டிஜிட்டல் கதையிலோ கவிதையிலோ அந்த உரிமையை நாம் பறித்துக்கொள்கிறோம், அதற்கு ஈடாக ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும். அடுத்த வரி எப்போது விழும் என்ற எதிர்பார்ப்பைக் கொடுப்பதுதான் இசையின் முதல் வேலை, சோகமா மகிழ்ச்சியா என்பதெல்லாம் அப்புறம்.

அதனால் உடனே இசையைத் தேடப் போகாதீர்கள். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் போனில் பதிவு செய்து, எந்த வரிக்கு எத்தனை விநாடி ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லா வரிக்கும் ஒரே நேரம் வைப்பது தமிழில் சரிவரவே வராது. ‘போ’ என்பதும் ஒரு சொல், ‘காத்திருந்தவர்கள்’ என்பதும் ஒரு சொல். பள்ளியில் படித்த மாத்திரைக் கணக்கு (குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, ஒற்றுக்கு அரை) இங்கே நேராகக் கைகொடுக்கும்: முதலாவது 2 மாத்திரை, இரண்டாவது 9. முதல்முறை படிப்பவருக்காக ஒவ்வொரு வரிக்கும் அரை விநாடி கூட்டிவையுங்கள்.

இப்போது இசை. நிமிடத்துக்கு 80 தாளத் தட்டு என்றால் ஒரு தட்டு 0.75 விநாடி, நான்கு தட்டு 3 விநாடி. சின்ன வரிக்கு நான்கு, நீளமானதற்கு எட்டு. ஆனால் எல்லா வரியும் தட்டின் மேலேயே விழுந்தால் கொஞ்ச நேரத்தில் காது பழகி, கண் சோர்ந்துவிடும். ‘கதவைத் திறந்தாள்’ என்று ஒரு வரி வருகிறது, மறைகிறது, திரை காலி, இசை மட்டும் நான்கு தட்டு ஓடுகிறது, அப்புறம் ‘யாரும் இல்லை’. அந்தக் காலித் திரையில்தான் வாசகர் கதவருகே நிற்கிறார். இதையே திருப்பியும் செய்யலாம்: வரி நிற்கட்டும், இசை சட்டென்று அறுந்துபோகட்டும்.

வேகத்தின் எல்லையைப் பார்க்க வேண்டுமானால், சியோலில் இயங்கும் யங்-ஹே சாங் ஹெவி இண்டஸ்ட்ரீஸ் என்ற கலைஞர் குழுவின் ‘டகோட்டா’ என்ற இணையப் படைப்பைப் பாருங்கள். வெள்ளைத் திரை, கறுப்பு எழுத்து, ஜாஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் டிரம்ஸ், அவ்வளவுதான். முழக்கம் ஏற ஏறக் கண் தோற்றுப்போகிறது, அந்தத் தவிப்பே அனுபவமாகிவிடுகிறது. ஆனால் அதில் பாடல் வரிகள் கிடையாது, கவனியுங்கள். வாசகருக்குத் தெரிந்த மொழியில் யாராவது பாடினால் காதில் விழும் சொல்லும் கண்ணில் படும் சொல்லும் மோதிக்கொள்ளும். வாத்தியம் போதும்.

தொழில்நுட்பத்தில் இரண்டு விஷயம். வாசகர் எதையாவது தொடும்வரை உலாவிகள் பொதுவாக ஒலியைத் தானாக ஓட விடுவதில்லை, அதனால் ‘தொடங்கு’ பொத்தான் ஒன்று வைத்து, இசையும் எழுத்தும் அந்த ஒரே தொடுதலில் கிளம்பும்படி செய்யுங்கள். எழுத்துக்குத் தனி டைமர் வேண்டாம். வாசகர் வேறு டேப்புக்குப் போனால் உலாவி டைமரை மெதுவாக்கிவிடும், பாட்டு பாட்டுக்கு ஓடும். ஒலிக்கோப்பு இப்போது எத்தனையாவது விநாடியில் இருக்கிறது என்று பார்த்தே வரியைக் காட்டுங்கள்.

நிறுத்தும் பொத்தான் கட்டாயம் வையுங்கள். ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை முழுதாக ஓட்டியும் பாருங்கள், காது கேளாதவர்களும் வாசகர்கள்தான்.

கடைசியாக, இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். பிடித்திருந்ததா என்று கேட்காமல், எந்த வரி கையை விட்டுப் போனது என்று கேட்டு, அந்த வரிக்கு இரண்டு தட்டு கூட்டுங்கள்.