காலாண்டு லீவில் டெல்லி: கோவை, ஈரோடு பக்கமிருந்து குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

எங்கள் பக்கம் டெல்லி போகலாம் என்று பேச்செடுத்தாலே மே மாத லீவைத்தான் சொல்வார்கள். முதலில் அதை மாற்றுங்கள். மே, ஜூனில் அங்கே வெயில் 45 டிகிரியைத் தொடும், குழந்தைகளோடு போனால் நிழல் தேடியே பாதி நாள் ஓடிவிடும். அரையாண்டு லீவும் பொங்கல் லீவும் இதற்கு நேர்மாறு, குளிர் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும், அதைக்கூட ஸ்வெட்டர் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் பனிமூட்டத்தில் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். தீபாவளியை ஒட்டிக் காற்று கெட்டுப்போயிருக்கும், வீசிங் இருக்கிறவர்களை அப்போது கூட்டிப் போகவே வேண்டாம்.

மிச்சமிருப்பது காலாண்டு லீவு. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் மழை ஓய்ந்திருக்கும், மத்தியானம் வெயில் இருந்தாலும் காலையிலும் சாயங்காலமும் தாராளமாக நடக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லாத வீடு என்றால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை இன்னும் நல்லது.

ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். காலாண்டு லீவுக்குக் கணக்குப் போட்டால் அது சரியாக ஆடிப் பதினெட்டை ஒட்டி வரும், அந்தச் சமயத்தில் டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். கேரளா எக்ஸ்பிரஸ் தினமும் உண்டு, கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் நான்கிலும் நின்று புது டெல்லி ஸ்டேஷனுக்குப் போகும். கொங்கு எக்ஸ்பிரஸ் வாரம் ஒரு தடவைதான், அது போய் நிற்பது ஹஸ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷனில். ரூம் போடும் முன் எந்த ஸ்டேஷனில் இறங்குகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் வேறு வேறு பக்கம். ரயிலில் இரண்டு இரவு போகும். முதல் நாளுக்குக் கட்டுச்சோறு, மற்ற நாளுக்கு முறுக்கும் கச்சாயமும் இருந்தால் பிள்ளைகள் நச்சரிக்க மாட்டார்கள். அப்புச்சி, அம்மிச்சி கூட வந்தால் ஒரு பக்கமாவது விமானத்தில் போங்கள், கோவையிலிருந்து நேரடி விமானத்தில் சுமார் மூன்று மணி நேரம்தான்.

ரூமை மெட்ரோவின் மஞ்சள் லைன் ஸ்டேஷன் ஒன்றுக்குப் பக்கத்தில் பாருங்கள். சாந்தினி சௌக், புது டெல்லி, ராஜீவ் சௌக், குதுப் மினார் எல்லாம் அந்த ஒரே லைனில் வந்துவிடும். முதல் பெட்டி பெண்களுக்கு, வீட்டு ஆண்கள் தெரியாமல் ஏறிவிட வேண்டாம். ஸ்டேஷன் வாசலில் யாராவது வந்து உங்கள் ரயில் ரத்து, நீங்கள் சொல்லும் லாட்ஜ் மூடிவிட்டது, டூரிஸ்ட் ஆபீசுக்கு வாருங்கள் என்றால் நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள்.

அடுத்தது கிழமை. திட்டம் போடும்போது இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் எல்லாவற்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. அன்றைக்குக் குதுப் மினாரையும் ஹுமாயூன் சமாதியையும் வைத்துக்கொள்ளுங்கள், அவை எல்லா நாளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாந்தினி சௌக்கில் பாதிக் கடைகளுக்கு மேல் மூடியிருக்கும், ஜவுளி பார்க்கிற எண்ணம் இருந்தால் வேறு நாளில் போங்கள். தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. பெரியவர்களுக்கு ஆன்லைனில் எடுத்துவிட்டால் வரிசை மிச்சம்.

டெல்லியை ஒரே ஊராக நினைத்து லிஸ்ட் போட்டால் ஆட்டோவிலேயே நாள் கழியும். ஒவ்வொரு ராஜாவும் தனக்கென்று ஒரு பக்கம் நகரம் கட்டியிருக்கிறான், அதனால் ஒரு நாளைக்கு ஒரு காலம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஷாஜகானுக்கு ஒரு நாள்: 1648-ல் கட்டி முடித்த செங்கோட்டை, சாந்தினி சௌக், ஜும்மா மசூதி, மூன்றும் நடக்கிற தூரம். ஆங்கிலேயர் கட்டிய புது டெல்லிக்கு ஒரு நாள்: தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக 1911-ல் அறிவித்து, 1931-ல் திறந்தார்கள். பகலில் தேசிய அருங்காட்சியகம், விளக்கு போட்ட பிறகு இந்தியா கேட், போர் நினைவுச் சின்னம். அருங்காட்சியகத்தில் மொகஞ்சதாரோ நடன மங்கை சிலையைத் தேடிப் போய்ப் பாருங்கள், பாடப்புத்தகத்தில் பெரிதாகத் தெரிந்த அது நேரில் நம் கைக்குள் அடங்கும் உயரம்தான்.

குதுப் மினாருக்கு அரை நாள் முழுசாகக் கொடுங்கள். எல்லோரும் 72.5 மீட்டர் கோபுரத்தை அண்ணாந்து போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், அதே வளாகத்தில் மசூதி முற்றத்தில் நிற்கிற இரும்புத் தூண்தான் நம் ஊர்க்காரர்கள் நின்று பார்க்க வேண்டியது. ஏழு மீட்டருக்குச் சற்று அதிக உயரம், ஆறு டன் எடை, குப்தர் காலத்தது, 1600 வருஷ மழை வெயிலில் அரித்துப்போகாமல் நிற்கிறது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேலே படிந்த மெல்லிய படலம் உள்ளே துரு இறங்காமல் தடுக்கிறது. சுற்றி வேலி இருப்பதால் தொட முடியாது, ஆனால் மேலே செதுக்கிய பிராமி எழுத்துகள் தெரியும். சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்களே, போகும் முன் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிவையுங்கள், தூணைப் பார்க்கும்போது கேள்வி தானாக வரும். மத்தியானத்துக்கு மேல் அப்படியே ஆர்.கே.புரம் போனால் மலை மந்திர், சுவாமிநாதர் கோயில். பெரியவர்களுக்கு அங்கே ஒரு மணி நேரம் தமிழ் கேட்டாலே தெம்பு வந்துவிடும்.

ஆக்ராவை இந்த நாட்களுக்குள் திணிக்காதீர்கள், தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். நிஜாமுதீனிலிருந்து காலையில் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும், சாயங்காலம் அதிலேயே திரும்பலாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று தாஜ்மகாலும் கிடையாது, அந்த ரயிலும் கிடையாது.