கேஷ்பேக் கார்டு: ஆண்டுக் கட்டணத்தை முதலில் வகுத்துப் பாருங்கள்

இரண்டு கேஷ்பேக் கிரெடிட் கார்டில் எது என்று குழம்பினால், கட்டணம் உள்ள கார்டின் ஆண்டுக் கட்டணத்தை 18% ஜிஎஸ்டியோடு சேர்த்து எடுத்து, இரண்டுக்கும் உள்ள கேஷ்பேக் சதவீத வித்தியாசத்தால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். வருவதுதான், கட்டணக் கார்டு லாபமாக இருக்க வருடத்துக்கு நீங்கள் செலவு செய்தாக வேண்டிய குறைந்தபட்சத் தொகை.

உதாரணமாக, ஆன்லைன் செலவுக்கு 5% தரும் கார்டுக்குக் கட்டணம் 999 ரூபாய், வரியோடு 1,179. கட்டணமே இல்லாத இன்னொரு கார்டு 1% தருகிறது. வித்தியாசம் 4%, அதனால் வருடத்துக்கு 29,475 ரூபாய், அதாவது மாதம் சுமார் 2,450க்கு மேல் ஆன்லைனில் வாங்குபவருக்குத்தான் கட்டணக் கார்டு லாபம். அதற்குக் கீழே என்றால் விளம்பரத்தில் 5% எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இலவசக் கார்டே போதும்.

அப்புறம், கேஷ்பேக்குக்கு உள்ள மாத உச்சவரம்பையும் பாருங்கள், பலர் கோட்டை விடுவது இங்கேதான். 5% கார்டில் மாதம் 500 ரூபாய்தான் உச்சம் என்றால் முதல் 10,000 ரூபாய்க்கு மட்டுமே அந்த 5%. 20,000 செலவழித்தால் உண்மையில் கிடைப்பது 2.5%தான். வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது, பெட்ரோல் போன்றவற்றுக்குப் பெரும்பாலான கார்டுகளில் கேஷ்பேக் கிடையாது, அவற்றைக் கழித்துவிட்டே கணக்குப் போடுங்கள்.

குறிப்பிட்ட தொகை செலவழித்தால் ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி என்று இருந்து, அதை எப்படியும் தாண்டிவிடுவீர்கள் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். பில்லை முழுதாகக் கட்டாமல் மினிமம் டியூ (பில்லில் கட்டியே ஆக வேண்டிய சிறு பகுதி) மட்டும் கட்டுபவருக்கும் இது பொருந்தாது: மாதம் 3.5% அளவுக்கு வட்டி போகும்போது எந்தக் கேஷ்பேக் கார்டும் நஷ்டம்தான்.